"அதில் கெட்டது ஒன்றும் இல்லையே!" - தொலைக்காட்சிக் கிறிஸ்மஸ் படங்களை எப்படிப் பார்ப்பது?

தொலைக்காட்சிக்கும் ஒரு பாதுகாவலி இருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது. அசிசி நகர்ப் புனித கிளாராதான் அவர். 1958ஆம் ஆண்டு திருத்தந்தை 12ஆம் பயஸ் இவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். 1253இல் இறந்துபோன ஒரு துறவிக்கும் நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன தொடர்பு? அந்தத் தொடர்பு ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில் இருக்கிறது. கிளாரா நோயுற்று எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். உடன் வாழ்ந்த சகோதரிகள் எல்லாரும் வழிபாட்டுக்குச் சென்றுவிட, அவர் மட்டும் தனியே இருந்தார். அப்போது தொலைவில் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் நடந்த வழிபாட்டின் பாடல்களைப் படுக்கையில் இருந்தபடியே கேட்டார், அங்கிருந்த குடிலையும் கண்டார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது.

ஆக, தொலைக்காட்சிக்குத் திருச்சபை தந்திருக்கும் அடையாளம், கிறிஸ்மஸ் இரவில் தனியாக விடப்பட்ட ஒரு நோயாளிப் பெண். தொலைக்காட்சியில் வரும் கிறிஸ்மஸ் படங்களைப் பற்றிப் பேசும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் அந்தப் படங்களைக் கேலி செய்வது மிக எளிது. யாருக்காக அவை ஓடுகின்றன என்று நினைத்துப் பார்ப்பதுதான் கொஞ்சம் கடினம்.

திரையரங்குக்கு என்று இல்லாமல் தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்படும் கிறிஸ்மஸ் படங்கள் அமெரிக்காவில் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. இவற்றில் இன்று முன்னணியில் நிற்பது ஹால்மார்க் சேனல். வாழ்த்து அட்டைகள் விற்கும் நிறுவனத்தின் சேனல் இது. 2009 முதல் ஆண்டுதோறும் 'கவுண்ட்டவுன் டு கிறிஸ்மஸ்' என்ற பெயரில் புதுப் படங்களை வரிசையாக ஒளிபரப்பி வருகிறது. அக்டோபர் இறுதியிலேயே, அதாவது நாம் இங்கே இறந்த விசுவாசிகளின் நாளுக்குக் கல்லறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதே, அங்கே கிறிஸ்மஸ் தொடங்கிவிடும். திருவருகைக் காலம் என்று ஒன்று இருப்பதே இந்தச் சேனலுக்குத் தெரியாது! இன்று ஓடிடி தளங்களின் வழியே உலகம் முழுவதும், நம் பிள்ளைகளின் கைப்பேசி வரைக்கும் இவ்வகைப் படங்கள் வந்துவிடுகின்றன.

இவை எப்படி உருவாகின்றன என்று தெரிந்தால், ஏன் இப்படி இருக்கின்றன என்பதும் விளங்கும். ஒரு படத்தின் படப்பிடிப்பு ஏறத்தாழ 15 நாட்களில் முடிந்துவிடும். பெரும்பாலும் கனடாவில், பல நேரங்களில் நல்ல கோடைக் காலத்தில் எடுப்பார்கள். நடிகர்கள் கம்பளிக் கோட்டும் கழுத்துத் துணியும் அணிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே நடிக்க, தரையில் நுரையும் காகிதத் தூளும் பனியாகக் கிடக்கும். இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரங்கள் போகப் படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். விளம்பர இடைவெளிகளுக்கு ஏற்பக் கதையை ஒன்பது பகுதிகளாக வெட்டி எழுதுவது வழக்கம். ஒவ்வொரு பகுதியும், பார்ப்பவர் சேனலை மாற்றாதபடி ஒரு சின்னக் கேள்வியோடு முடிய வேண்டும். எல்லாக் காட்சியிலும் சிவப்பும் பச்சையும் தெரிய வேண்டும். நாயகனும் நாயகியும் முத்தமிட்டுக்கொள்வது கடைசி நிமிடங்களில்தான்.

கதை பெரும்பாலும் ஒன்றுதான். பெரிய நகரத்தில் வேலை வேலை என்று ஓடும் ஒரு பெண் கிறிஸ்மஸுக்குத் தன் சிற்றூருக்கு வருகிறாள். அங்கே ஒரு விடுதியோ அடுமனையோ கிறிஸ்மஸ் மரப் பண்ணையோ மூடப்படும் நிலையில் இருக்கிறது. ஊர்க்காரன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குத் தச்சு வேலை தெரியும். மீதியை வாசகர்களே சொல்லிவிடுவீர்கள்.

இப்படிப்பட்ட படத்தைப் பற்றி ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் கேட்டால் பொதுவாகக் கிடைக்கும் பதில், "அதில் கெட்டது ஒன்றும் இல்லையே, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம்" என்பதுதான். இந்தப் பதிலுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1936இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் திரைப்படங்களைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். அந்நாட்களில் அமெரிக்கக் கத்தோலிக்கர் தவறான படங்களைப் பார்ப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தார்கள். இன்ன படம் பார்க்கலாம், இன்ன படம் பார்க்கக் கூடாது என்று பட்டியல்கள் வந்தன. அந்த முயற்சியில் நன்மை இருந்தது. ஆனால் அதிலிருந்து நமக்குள் ஒரு பழக்கமும் ஊறிவிட்டது. ஒரு படத்தில் என்ன இல்லை என்று பார்ப்பதே அதை மதிப்பிடுவது என்று எண்ணிவிட்டோம். ஆபாசம் இல்லை, வன்முறை இல்லை, மதுக்குடி இல்லை. ஆகவே நல்ல படம்!

ஹால்மார்க் பாணிப் படங்கள் இந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். அதனால்தான் இந்தச் சோதனை இங்கே உதவாது. 1995இல், சினிமா பிறந்து நூறாண்டு நிறைவடைந்ததை ஒட்டி, வத்திக்கான் 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயம், விழுமியங்கள், கலை என்று மூன்று பிரிவுகள். அதில் விழுமியங்கள் பிரிவில் 1946இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்ற கிறிஸ்மஸ் படமும் இருக்கிறது. இது திரையரங்குக்காக எடுத்த படம்தான்; ஆனால் பிற்காலத்தில் தொலைக்காட்சியால்தான் அமெரிக்க வீடுகளின் கிறிஸ்மஸ் படமாக மாறியது. கடன் நெருக்கடியில் சிக்கிய ஒரு மனிதன் கிறிஸ்மஸுக்கு முந்தின இரவில் ஆற்றில் குதித்துச் சாக நினைக்கிறான். "கெட்டது ஒன்றும் இல்லை" என்று சொல்லக்கூடிய கதையா அது? தற்கொலை எண்ணம் இருக்கிறது, பிள்ளைகளிடம் எரிந்து விழும் தகப்பன் இருக்கிறான், திருடிய பணத்தைத் திருப்பித் தராத பணக்காரன் கடைசிவரை தண்டிக்கப்படாமலே போகிறான். ஆனாலும் அது பட்டியலில் இடம்பெற்றது.

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? இதற்குப் பதில் தேட, ஹால்மார்க் நிறுவனமே தொலைக்காட்சிக்கு முதன்முதலாகக் கொடுத்த கிறிஸ்மஸ் நிகழ்ச்சியைப் பார்ப்போம்.

1951ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இரவு. நியூயார்க்கில் உள்ள என்.பி.சி. நிலையத்திலிருந்து 'அமால் அண்ட் த நைட் விசிட்டர்ஸ்' என்ற ஓபரா இசை நாடகம் நேரடியாக ஒளிபரப்பானது. அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கென்றே இயற்றப்பட்ட முதல் ஓபரா அது. நிதி அளித்தது ஹால்மார்க் அட்டை நிறுவனம். இயற்றியவர் இத்தாலியில் பிறந்த ஜான் கார்லோ மெனோட்டி. என்ன எழுதுவது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவர், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் ஓவியம் ஒன்றைக் கண்டார். ஹிரோனிமஸ் போஷ் வரைந்தது. இத்தாலியில் அவருடைய சிறுவயதில் பரிசு கொண்டுவந்தவர்கள் கிறிஸ்மஸ் தாத்தா அல்ல, மூன்று அரசர்களே. அந்த நினைவிலிருந்து கதை பிறந்தது.

அமால் ஊன்றுகோலோடு நடக்கும் சிறுவன். தாய் கைம்பெண். வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை. மறுநாள் பிச்சை எடுக்கத்தான் போக வேண்டும் என்ற நிலை. விண்மீனைத் தொடர்ந்து வரும் மூன்று அரசர்கள் அந்தக் குடிசையில் இரவு தங்குகிறார்கள். எல்லாரும் உறங்கியபின் தாய்க்கு உறக்கம் வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்காக இவ்வளவு பொன் போகிறதே, தன் பிள்ளைக்கு அதில் கொஞ்சம் இருந்தால் என்னென்ன செய்யலாம் என்று எண்ணுகிறாள். எடுக்கிறாள். பிடிபடுகிறாள். கால் ஊனமுற்ற அந்தச் சிறுவன் தன் தாயைக் காக்கப் பாய்கிறான். அப்போது மெல்கியோர் அரசர் சொல்வது, பொன்னை அவளே வைத்துக்கொள்ளலாம், தாங்கள் தேடிப்போகும் குழந்தைக்கு அது தேவைப்படாது என்பதே. அப்படிப்பட்ட அரசருக்காகத்தான் வாழ்நாளெல்லாம் காத்திருந்ததாகச் சொல்லி அவள் பொன்னைத் திருப்பிக் கொடுக்கிறாள். கொடுத்தனுப்ப அவளிடம் வேறொன்றுமில்லை. அமால் தன்னிடம் உள்ள ஒரே பொருளை, தானே செய்த அந்த ஊன்றுகோலை நீட்டுகிறான். நீட்டும்போதுதான் நடக்கத் தொடங்குகிறான்.

ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் அதில் பசி இருக்கிறது, திருட்டு இருக்கிறது, ஒரு தாயின் பொறாமையும் இருக்கிறது. இல்லாமை உண்மையாக இருப்பதால்தான் அங்கே கொடுப்பதும் உண்மையாகிறது. ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டால் அந்தப் பையன் எப்படி நடப்பான் என்று நாம் பயந்த பிறகே அதிசயம் வருகிறது.

இந்த வகைப் படங்களை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: இந்தக் கதையில் யாருக்காவது ஏதாவது உண்மையிலேயே இல்லையா? யாராவது தனக்குத் தேவையான ஒன்றைக் கொடுக்கிறார்களா?

1970களில் வந்த தொலைக்காட்சிப் படங்கள் சிலவற்றைப் பார்த்தால் இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வரும். 1971 டிசம்பரில் சி.பி.எஸ். ஒளிபரப்பிய 'த ஹோம்கமிங்' ஏர்ல் ஹாம்னரின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. 1933, பொருளாதாரப் பெருமந்தக் காலம். வெளியூரில் வேலை செய்யும் தகப்பன் கிறிஸ்மஸ் இரவில் வீடு வந்து சேரவில்லை. பேருந்து விபத்து என்று வானொலி சொல்கிறது. படம் முழுவதும் ஒரு தாயும் ஏழு பிள்ளைகளும் காத்திருப்பதுதான் கதை. அதில் ஒரு காட்சி நம்மைப் போன்றோருக்கு உறுத்தலானது. நகரத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி, விவிலிய வசனம் சொல்லும் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறார். அங்கிருந்து கடைக்குட்டி கொண்டுவந்த பொம்மையின் முகம் உடைந்திருக்கிறது. பெட்டி பெட்டியாய் 'கிறிஸ்மஸ் உதவி' வழங்கி நிழற்படம் எடுத்துக்கொள்ளும் எந்தச் சபையும் குழுவும் ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கடைசியில் தகப்பன் வந்துசேர்கிறான், சம்பளத்தை எல்லாம் பரிசுகளுக்குச் செலவழித்துவிட்டு. மூத்த மகன் ஒளித்து ஒளித்து எழுதிக்கொண்டிருந்தவன்; அவனுக்கு எழுதுதாள் கட்டு. அடுத்த வாரம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டு வந்த 'த ஹவுஸ் விதவுட் எ கிறிஸ்மஸ் ட்ரீ' இன்னும் எளிமையானது. 1946இல் நெப்ராஸ்காவின் ஒரு சிற்றூர். மனைவி இறந்த பிறகு, பத்து ஆண்டுகளாக வீட்டுக்குள் கிறிஸ்மஸ் மரம் வர விடாத ஒரு தகப்பன். மரம் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பத்து வயது மகள். பள்ளியில் அவளுக்கு ஒரு மரம் பரிசாகக் கிடைக்கிறது. தகப்பனின் கோபத்தைக் கண்டு, அதைத் தன்னைவிட ஏழையான ஒரு தோழியின் வீட்டில் இரவோடு இரவாக வைத்துவிட்டு வருகிறாள். ஜேசன் ரோபார்ட்ஸ் நடித்த அந்தத் தகப்பன் கெட்டவன் அல்ல. துக்கம் அவனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மகளைப் பார்க்கும்போதெல்லாம் மனைவியின் சாவுதான் நினைவுக்கு வருகிறது. படம் அவனை அவசரப்படுத்தவில்லை. ஸ்டுடியோவில் வீடியோ நாடாவில் எடுத்த, பார்வைக்கு மலிவாகத் தெரியும் படம்தான். மலிவு ஒரு குறையே அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

இன்றைய படங்களிலும் இறந்துபோன தாய்மார் நிறைய உண்டு. நாயகியின் தாய் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருக்கும்; ஒரு பழைய அலங்காரப் பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு வரி பேசுவாள்; அடுத்த விளம்பரத்துக்குப் பிறகு சர்க்கரை ரொட்டி சுடும் போட்டி. என் குறை இங்கேதான். கணவரை இழந்து முதல் கிறிஸ்மஸைச் சந்திக்கும் பெண்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள். பண்டிகை நாளில் அவர்களிடம் போய் "அழாதீர்கள், இன்றைக்கு நல்ல நாள்" என்கிறோம். துக்கம் பண்டிகைக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்று நாமும் எங்கிருந்தோ கற்றுக்கொண்டிருக்கிறோம். ஒரு படம் அதையே நூறு முறை சொல்லிக்கொடுத்தால், அதில் கெட்டது ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

விடுதிகளின் விஷயமும் இப்படித்தான். இந்தப் படங்களில் வரும் விடுதிகளைப் பாருங்கள். கணப்பு எரிகிறது, படிக்கட்டெல்லாம் தோரணம், முன்பதிவு இல்லாமல் பனியில் சிக்கிய நாயகிக்கும் எப்படியோ ஓர் அறை கிடைத்துவிடும். அவர்களுக்கு விடுதியில் இடமில்லை என்று லூக்கா எழுதிய கதையிலிருந்து பிறந்த பண்டிகை இது. இடமில்லாமல் போன அந்த ஒரு வரியைத்தான் படக்காரர்கள் கவனமாக எடுத்துவிட்டார்கள். அறை வாடகை கொடுக்க முடியாதவர் எவரும் அந்த ஊரில் இல்லை. நெடுங்காலமாக அந்த ஊர்களில் கறுப்பினத்தவரும் அரிதாகவே இருந்தார்கள். அமெரிக்காவிலேயே இது பற்றிக் கடும் விமர்சனம் எழுந்த பிறகே அண்மை ஆண்டுகளில் அது மாறத் தொடங்கியது.

இயேசுவின் பெயர் வராததுதான் இவற்றின் குறை என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஹால்மார்க் சேனலின் முன்வரலாறே ஒரு வேடிக்கை: பல சமயக் குழுக்கள் சேர்ந்து 1988இல் தொடங்கிய ஒரு சேனல்தான் பின்பு ஒடிசி என்று பெயர் மாறி, 2001இல் ஹால்மார்க் ஆனது. அதன் முன்னாள் தலைவர் பில் அபோட் 2021இல் அமைத்த, இன்று கிரேட் அமெரிக்கன் ஃபேமிலி எனப்படும் சேனல் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் தன் படங்களில் இடம் தருவதாகச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அதே விடுதி, அதே பனி, அதே தச்சன். நடுவில் ஒரு நிமிடம் கோவில் என்றால், அந்த ஒரு நிமிடமும் அலங்காரப் பொருளாகிவிடும் ஆபத்து உண்டு. நற்செய்தியை வாசித்தால் மட்டும் போதாது. அது தேவைப்படும் ஒருவர் கதைக்குள் இருக்க வேண்டும்.

1965 டிசம்பர் 9 அன்று வெளியான 'எ சார்லி பிரவுன் கிறிஸ்மஸ்' என்ற கார்ட்டூன் படத்தில் அப்படி ஒருவன் இருக்கிறான். சார்லி பிரவுன் என்ற சிறுவனுக்குக் கிறிஸ்மஸ் வந்தால் மனம் சோர்ந்துவிடுகிறது. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. எல்லாரும் பரிசு, போட்டி, அலங்காரம் என்று ஓட, அவன் வாங்கி வந்த வாடிய மரத்தைக் கண்டு சிரிக்கிறார்கள். கிறிஸ்மஸ் என்றால் என்ன என்று யாருக்காவது தெரியுமா என்று அவன் கத்துகிறான். அப்போது லைனஸ் என்ற சிறுவன் மேடை நடுவே வந்து, லூக்கா நற்செய்தியில் வானதூதர் இடையர்களுக்கு அறிவித்த பகுதியை அமைதியாகச் சொல்கிறான். எப்போதும் கையைவிட்டு இறக்காத தன் போர்வையை, அஞ்ச வேண்டாம் என்ற இடம் வரும்போது கீழே விட்டுவிடுகிறான். தொலைக்காட்சியில் விவிலியமா என்று தயாரிப்புக் குழுவினரே தயங்கியபோது, படைப்பாளர் சார்லஸ் ஷுல்ஸ் பிடிவாதமாக நின்றார். வேகம் போதாது, ஜாஸ் இசை பொருந்தவில்லை என்று சி.பி.எஸ். அதிகாரிகளும் முகம் சுளித்தார்கள். ஒளிபரப்பான இரவில், தொலைக்காட்சி முன் இருந்த அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைப் பார்த்தார்கள். கிறிஸ்மஸ் வியாபாரமாகிவிட்டதே என்று வருந்தும் அந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது கோகோ கோலா நிறுவனம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூய கைகளிலிருந்து மட்டும்தான் நல்ல படம் வரும் என்றில்லை.

முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பு இரவும் அதே நற்செய்தியைத்தான் கேட்கிறோம். முடிவு தெரிந்தேதான் போகிறோம். மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவருக்கு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க ஒற்றையாய் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு, யாரும் சாகாத, எல்லாம் சரியாகிவிடும் ஒரு கதை ஒன்றரை மணி நேரம் துணை இருக்கிறது என்றால் அதைப் பறிக்க எனக்கு மனமில்லை. அவர்களோடு உட்கார்ந்து பார்க்க ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. கிளாராவுக்கும் அந்த இரவில் பக்கத்தில் யாரும் இல்லை.

பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள், படத்தை நிறுத்தி மறையுரை ஆற்ற வேண்டியதில்லை; அவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள். விளம்பரம் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "இந்த ஊரில் கிறிஸ்மஸ் கொண்டாட முடியாதவர் யாராவது இருக்கிறார்களா?" நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் நம்மைவிடக் கூர்மையானவர்கள். பனி அள்ளுகிறவர், விடுதியில் பாத்திரம் கழுவுகிறவர், வீட்டுக்குப் போகாமல் கேக் கடையில் நின்றுகொண்டிருக்கும் பெண் என்று திரையின் ஓரத்தில் நிற்பவர்களை எல்லாம் கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, சார்லி பிரவுனையே சொல்வேன். 2020 முதல் அதை ஒளிபரப்பும் உரிமை ஆப்பிள் நிறுவனத்தின் ஓடிடி தளத்திடம் இருக்கிறது. மொத்தம் 25 நிமிடம்தான். 24ஆம் தேதி இரவு, திருப்பலிக்குப் புறப்படும் முன் பிள்ளைகள் புதுச்சட்டை போட்டு முடிப்பதற்குள் பார்த்துவிடலாம்.